முதலாளி நல்லவராக வரும் நாவல்

எங்கள் கிளை நூலகத்தின் வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. 'புதிய வரவு – நூலகர் பரிந்துரை' என்று மேலே பெயிண்டில் எழுதியிருக்கும். கீழே வாரம் ஒரு புத்தகத்தின் பெயரைச் சாக்பீஸில் நான் எழுதுவேன். எழுதியதும் நான், பரிந்துரைத்ததும் நான், பெரும்பாலும் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்ததும் நானேதான். மற்றவர்கள் அந்தப் பலகையில் சைக்கிளைச் சாய்த்து வைப்பார்கள்.

'புதிய வரவு' என்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு புத்தகம் அச்சாகி, அதை அரசாங்கம் வாங்கி, கட்டுக் கட்டாகப் பிரித்து எங்களுக்கு அனுப்பி வைப்பதற்குள் எழுதினவருக்கே அது மறந்து போயிருக்கும். ஆனாலும் கட்டின் சணலை அறுத்ததும் குப்பென்று ஒரு வாசனை வரும் பாருங்கள், அதற்காகவே நான் அந்த வேலையில் இருந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை. திருப்பூர்ப் பக்கம் நூலகராக இருப்பவளிடம் நூல் என்ற சொல்லை வைத்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரு ஜோக் சொல்வார்கள். நான் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். இங்கே அதைச் சொல்லப் போவதில்லை.

அவிநாசியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்தது எங்கள் ஊர். இரண்டாயிரங்களின் பின்பாதி. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த காலம். நூலகம் இருந்தது ஒரு பனியன் கம்பெனிக்காரரின் கட்டடத்தில், கம்பெனியை ஒட்டினாற்போல ஒரு நீளமான அறை. தோட்டமும் மாடுமாக இருந்த அவருடைய அப்பா, ஊர்ப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று அந்தக் காலத்தில் சும்மா கொடுத்த இடம். வடக்குப் பார்த்துப் பெரிய பெரிய ஜன்னல்கள். கரண்ட் போனால் ஊரே வியர்த்து வழியும், எங்கள் அறையில் மட்டும் சாயங்காலம் வரைக்கும் எழுத்துத் தெரியும். கரண்ட் போனபோதுதான் எங்களுக்கு வாசகர்கள் வந்தார்கள் என்று சொன்னால் மேலதிகாரிகள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அதுதான் உண்மை. மெஷின் நின்றதும் பக்கத்துக் கம்பெனி ஆட்கள் வந்து உட்காருவார்கள், கரண்ட் வந்ததும் எழுந்து ஓடுவார்கள். பாதிக் கதையில் விட்டுவிட்டுப் போகிற அவர்கள் முகத்தைப் பார்க்கும்போது மின்வாரியத்தின் மேல் எனக்குக் கோபம் வரும், எதற்கு இவ்வளவு சீக்கிரம் கரண்டை விட்டார்கள் என்று.

நிரந்தர வாசகர்கள் என்று சொல்லிக்கொள்ள இரண்டே பேர். ஒருவர் ரிட்டையர்டு தமிழ் வாத்தியார். எல்லாப் பத்திரிகையையும் படித்து முடித்து, எல்லாவற்றிலும் தப்புக் கண்டுபிடித்து, மறுநாள் அதே பத்திரிகைக்காகக் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்பார். இன்னொருத்தி அந்தப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து ஒதுக்குகிற வேலை. சேவூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து கம்பெனி வேனில் வருவாள். மத்தியானச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்து, மூன்றாவது ஜன்னலோரம் உட்கார்ந்தால் மணி அடிக்கும் வரை தலையைத் தூக்க மாட்டாள். அவளுக்குத் தடியான நாவல்தான் வேண்டும்.

"சின்னப் புக்கெல்லாம் வேனு அவினாசி தாண்டறதுக்குள்ளயே தீந்துருதுங்க்கா. குண்டுப் புக்கா பாத்துக் குடுங்க" என்பாள்.

அவள் ஊரிலும் ஒரு நூலகம் உண்டு. நூலகம் என்றால் ஒரு பீரோ. அதை அவள் எப்போதோ படித்துத் தீர்த்துவிட்டாள். என் பரிந்துரையை இந்த உலகத்தில் மதித்த ஒரே ஜீவன் அவள்தான், அதனால் அவள்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அந்த வருடம் ஆனிக் கடைசியில் கட்டடக்காரர், அந்தப் பனியன் கம்பெனி முதலாளிதான், வந்தார். வெள்ளை வேட்டி, கையில் இஞ்சி டேப். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அறையின் நீளத்தை அளக்க ஆரம்பித்தார்.

"அம்மணி, சங்கடப்படாதீங்க. எங்கய்யன் குடுத்த எடம், நான் கேக்கறது தப்புத்தானுங்க. ஆனா பெரிய ஆர்டரு ஒண்ணு வந்துருச்சு. செக்கிங்குக்கு நல்ல வெளிச்சமா ஒரு எடம் வேணுமுங்க. இந்த ஜன்னலப் பாருங்க, டியூப் லைட்டே வேண்டாம். அடுத்த வாரம் காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணியில் ஓட்டை பார்க்கவும் அதே வெளிச்சம்தான் வேண்டுமாம்! வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஏனுங்கண்ணா, அடுத்த வாரம் ஆடி பொறக்குதுங்களே? ஆடியில ஆராச்சும் எடம் மாத்துவாங்களா?"

டேப் அப்படியே நின்றது. வெளிநாட்டுக்குக் கண்டெய்னர் கண்டெய்னராகச் சரக்கு அனுப்புகிறவர், கம்ப்யூட்டரில் ஆர்டர் பிடிக்கிறவர். ஆனால் எங்கள் பக்கத்தில் ஆடியில் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள், கல்யாணம் பேச மாட்டார்கள், புது வேலை எதுவும் தொடங்க மாட்டார்கள். அவர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அட, ஆமாங்க. நல்ல வேள சொன்னீங்க. ஆடி போகட்டும். ஆவணி மொத முகூர்த்தத்துல வெச்சுக்கலாமுங்க."

ஆடி மாதத்துக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டது அந்த ஒரு வருடம்தான்.

மேலிடத்துக்கு எழுதினேன். வேறு இடம் பாருங்கள் என்று பதில் வந்தது, எங்கே பார்ப்பது என்று அதில் இல்லை. மறுநாள் மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் பேசினோம். வாத்தியார் ஊர் மக்களிடம் கையெழுத்து வாங்கலாம் என்றார். யாரிடம் வாங்குவது? பலகையில் சைக்கிள் சாய்க்கிறவர்களிடமா? செக்கிங்காரிதான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"அவரையும் ஒரு புக்கு படிக்க வெச்சுப்போடுங்க்கா. படிச்சவங்களுக்கு இந்த எடத்தப் புடுங்க மனசு வருமா?"

எங்கள் தலைக்கு மேல் சுவரில், 'நல்ல புத்தகம் மனிதனை மாற்றும்' என்று இலாகாவே எழுதி வைத்திருந்தது. எழுதினவர்கள் அதை நம்பினார்களோ என்னவோ, நாங்கள் மூன்று பேரும் அன்றைக்கு நம்பினோம்.

ஆடி பிறந்த வாரமே வாய்ப்பு வந்தது. கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணி, மேஜைகளை எப்படிப் போடலாம் என்று பார்க்க வந்தவர் காற்றுக்காக ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் அவர் கையில் ஒரு நாவலைக் கொடுத்தேன். நெல் வயலில் வேலை செய்கிறவர்களைப் பற்றிய நல்ல நாவல், பரிசு வாங்கியது. மூன்று நாளில் திரும்பி வந்தது. மேஜையில் வைத்தாரா, போட்டாரா என்று சொல்ல முடியாது.

"என்னங்க அம்மணி இது? அந்தப் பண்ணைக்காரன் இத்தன அநியாயம் பண்றான்."

"கதைதானுங்கண்ணா."

இன்னொன்று கொடுத்தேன். அதில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. அதற்கடுத்ததில் எஸ்டேட் முதலாளி. மூன்றாவதைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. எல்லாப் புக்குலயும் மொதலாளின்னா வில்லன்தானுங்களா? மாசாமாசம் சம்பளம் போட நாங்க படற பாட்ட எழுத ஒருத்தருக்குங்கூடத் தோணலீங்களா? ஒரே ஒரு நல்ல மொதலாளி வர்ற புக்கு இருந்தாக் குடுங்க, படிக்கறனுங்க."

இருக்கிறது, எடுத்து வைக்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கே தேட ஆரம்பித்தோம். வாத்தியார் பத்திரிகையைக்கூட மறந்து அலமாரி அலமாரியாகத் தேடினார். செக்கிங்காரி மத்தியானம் வந்து உதடு அசையப் பக்கம் புரட்டுவாள். ஆயிரக்கணக்கான புத்தகங்கள் இருந்த அந்த அறையில் நல்ல முதலாளி ஒருவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை! ஒருவர் கிடைத்தார், பத்தாம் பக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். இன்னொருவர் கடைசிவரை நல்லவராகவே இருந்தார், கடைசி அத்தியாயத்தில் அவர்தான் கொலைகாரர். சுயமுன்னேற்றப் புத்தகங்களில் நல்ல முதலாளிகள் கொட்டிக் கிடந்தார்கள், ஆனால் அவற்றில் கதை இல்லை.

"நம் எழுத்தாளர்கள் யாரும் இதுவரை ஒரு முதலாளியிடம் நேரில் பேசியதில்லை போலிருக்கிறது" என்றார் வாத்தியார். அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. கட்டடக்காரரிடம் பேச ஆரம்பித்ததே அந்த ஆனிக் கடைசியில்தான்.

அப்போதுதான் புதிய கட்டு வந்தது. சணலை அறுத்தால், மேலேயே ஒரு தடியான நாவல். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அரிசி மில் வைத்திருப்பவர்தான் கதாநாயகர். பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுக்கிறார், மில்லில் கை அடிபட்டவனைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார், அம்மா அப்பா இல்லாத பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார். ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன். முடித்த பிறகுதான் கடைசிப் பக்கத்தில் 'முதல் பாகம் முற்றும்' என்று பார்த்தேன். இரண்டாவது பாகம் கட்டில் இல்லை. மேலே பிரித்து அனுப்புகிறவர்கள் முதல் பாகத்தை ஒரு கிளைக்கும் இரண்டாம் பாகத்தை இன்னொரு கிளைக்கும் அனுப்புவது எங்கள் இலாகாவில் சகஜம். கேட்டால், எல்லாக் கிளைக்கும் சமமாகப் பங்கு வைத்தோம் என்பார்கள்.

பரவாயில்லை என்று பலகையில் பெரிதாக எழுதினேன். கட்டடக்காரர் எடுத்துப் போனார்.

அதன் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். கரண்ட் போனால் முதலில் வந்து உட்காருகிறவர் அவர்தான். கரண்ட் வந்தாலும் எழுந்து போவதில்லை. சூப்பர்வைசர் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று கூப்பிட, "இருப்பா, மில்லுக்காரர் பேசிட்டிருக்கறாரு" என்பார். மில்லுக்காரரைத் தன் மாமன் மச்சான்போலப் பேச ஆரம்பித்தார். கம்பெனியில் சாயங்கால டீயோடு திடீரென்று பஜ்ஜி வந்தது. செக்கிங்காரி வந்து சொன்னாள்.

"நேத்து ஒரு லாட்டுல பூராக் கறைங்க்கா. எப்பவும் கத்தறவரு, 'அவரா இருந்தா இதுக்குக் கோவிப்பாரா'ன்னு அவரே கேட்டுட்டுப் போயிட்டாரு. ஆரு அந்த அவருன்னு எல்லாருக்கும் ஒரே கொழப்பம்."

நாங்கள் மூன்று பேரும் கண்ணால் பேசிக்கொண்டோம். இடம் தப்பித்தது என்றே நினைத்தோம். வாத்தியார் சுவரில் இருந்த அந்த வாசகத்தை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார்.

முதல் பாகம் முடிந்தது. ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது, மில்லுக்காரர் குடோன் சாவியோடு வாசலில் நிற்கிறார், முற்றும். அவ்வளவுதான், கட்டடக்காரர் தவித்துப் போனார். "தொறப்பாருங்களா, மாட்டாருங்களா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது பாகத்தைத் தேடாத இடமில்லை. திருப்பூர்க் கடைகளுக்கெல்லாம் ஆள் அனுப்பிப் பார்த்தார். ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது செக்கிங்காரி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, கெடச்சிருச்சு! எங்கூரு பீரோவுக்குத்தான் புதுசா வந்துருக்குதுங்க்கா. எம் பையன் கார்டுல எடுத்துட்டு வந்துட்டேன்."

ராத்திரி முழுக்கத் தூங்காமல் படித்ததில் அவள் கண் வீங்கியிருந்தது. அழுததும் சேர்ந்திருக்கும். நானும் அன்றைக்கு நூலகத்திலேயே உட்கார்ந்து படித்தேன். மில்லுக்காரர் குடோனைத் திறந்துவிடுகிறார். நெல்லெல்லாம் ஊருக்குப் போகிறது. மில் போகிறது, கார் போகிறது, கடைசியில் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்து இறந்து போகிறார். அவருடைய சவத்தின் பின்னால் ஊரே அழுதுகொண்டு நடக்கிறது. எனக்கும் அழுகை தாங்கவில்லை, வாத்தியாருக்குத் தெரியாமல் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். இதைப் படித்த பிறகும் ஒருவருக்கு மனம் இளகாதா? செக்கிங்காரியே தன் கையால் அதைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தாள்.

ஆடிக் கடைசி நாள் அவர் வந்தார். புத்தகத்தைத் துண்டில் சுற்றி, சாமி படத்தைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தார். துண்டைப் பிரித்து அதை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"எங்கய்யன் செத்தப்பக்கூட நான் இப்பிடி அழுவலீங்க அம்மணி."

"ஆமாங்கண்ணா. நானும் அழுதனுங்க."

"எப்பேர்ப்பட்ட மனுசன்! கடேசில அவரு கதி என்னாச்சு பாத்தீங்களா? எடங் குடுத்தாரு, நெல்லக் குடுத்தாரு, ஒருத்தனாச்சும் ஒரு ரூம்பு வாடகையில்லாம குடுத்தானா? அழுவறதுக்கு மட்டும் ஊரே வருதுங்க. ராத்திரி முச்சூடும் அதே ரோசனதானுங்க எனக்கு. நானும் அப்பிடித்தான் போயிட்டிருந்தேன். பஜ்ஜியெல்லாம் போட ஆரம்பிச்சுட்டனுங்களே! நல்ல நேரத்துல இந்தப் புக்கக் குடுத்து என்ற கண்ணத் தொறந்தீங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"புதங்கெழம முகூர்த்தம் நல்லாருக்குதுங்க. டெம்போவெல்லாம் நம்ம கம்பெனியிலயே அனுப்பிச்சுடறேன், நீங்க ஒண்ணுத்துக்கும் கவலப்பட வேண்டாமுங்க."

மனிதனை மாற்றும் என்றுதான் சுவரில் எழுதியிருந்தது. எந்தப் பக்கமாக என்று எழுதவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாவலை எழுதினவர் எதிரே இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பேனோ, நல்லவேளை அவர் எதிரே இல்லை. செக்கிங்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் மூன்றாவது ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள்.

இவ்வளவு மரியாதையாக யாரும் யாரையும் காலி பண்ண வைத்திருக்க மாட்டார்கள். முதல் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார், தேங்காய் உடைத்தார், ஆட்களுக்கெல்லாம் இட்லி வாங்கிக் கொடுத்தார். எக்ஸ்போர்ட்டுக்கு வைத்திருந்த அட்டைப் பெட்டிகளில் புத்தகங்கள் போயின. ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று பெட்டிமேல் அச்சடித்திருந்தது. கவிதைகள் எல்லாம் ஸ்மாலில் அடங்கிவிட்டன, சரித்திரத்துக்கு டபுள் எக்ஸ்எல் போதவில்லை. அவசரத்தில் நான் பிடித்து அவற்றை இறக்கி வைத்த இடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பழைய கட்டடத்தின் மாடி. ஏணிபோல நிமிர்ந்து நிற்கும் படிகள், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்துச் சுவரைப் பார்க்கிற ஒரே ஜன்னல். வாத்தியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் வந்தார், மூன்றாவது நாள் வீட்டுக்கே பேப்பர் போடச் சொல்லிவிட்டார்.

வந்துகொண்டே இருந்த ஒரே வாசகர் யார் தெரியுமா? கட்டடக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படியேறி வந்து மூச்சு வாங்குவார்.

"புதுசா என்ன வந்துருக்குதுங்க அம்மணி? ஏனுங்க, இத்தன படி ஏறணுமாங்க? வெளிச்சமும் பத்தல. பழைய எடத்துலயே இருந்திருக்கலாமில்லீங்க!"

என் வாயில் வந்தது வேறு. சொன்னது, "ஆமாங்கண்ணா, இருந்திருக்கலாமுங்க."

செக்கிங்காரி வரவே இல்லை. ரோட்டைத் தாண்டிப் படியேறி இறங்குவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். ஒருநாள் சாயங்காலம் வேனுக்கு நின்றவளைப் பார்த்தேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"நல்லா இருக்கறனுங்க்கா. அதே மூணாவது ஜன்னல்தான் எனக்கு. முந்தி அரை மணி நேரம் உக்காந்தேன், இப்பப் பொழுதன்னிக்கும் அங்கியேதான் இருக்கறேன்" என்று சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கட்டடக்காரரிடம் சொல்லிவிட்டேன், உங்கள் கம்பெனியில் ஜன்னலோரம் உட்காருகிறவளுக்கு வாரம் ஒரு புத்தகம் நீங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று. சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். ஆனால் என்ன செய்தார் தெரியுமா? வழியிலேயே தான் படித்துவிட்டு, கொடுக்கும்போது முடிவையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். "மொதலாளி கதையச் சொல்லிப்போட்டாருங்க்கா" என்று அவள் அழாத குறையாகச் சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு அவளுக்குப் போகும் புத்தகத்தை அவருடைய கம்பெனியில் பெட்டி ஒட்டுகிற டேப்பாலேயே சுற்றி ஒட்டி அனுப்பினேன். அவள் படித்து முடித்து, அவரிடம் கொடுத்த பிறகுதான் அவர் படிக்கலாம். ஆடியை மீறாதவர் இதையும் மீறவில்லை.

மறுவருடம் அதிசயமாக ஒரு நாவல் இரண்டு பாகமும் சேர்ந்தே வந்தது. இரண்டையும் டேப் சுற்றி அவளுக்கு அனுப்பினேன். முதல் பாகம் அவளிடமிருந்து அவருக்குப் போயிற்று. அடுத்த ஞாயிறு அவர் வந்து நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"அம்மணி, ரெண்டாவது பாகம் இன்னொண்ணு இல்லீங்களா?"

"ஒண்ணுதானுங்கண்ணா. உங்க கம்பெனியிலதான் இருக்குது."

"அது தெரியுமுங்க. அந்தப் புள்ள முடிச்ச பாடில்ல. பீஸை வேகமாப் பாருன்னு அதட்டலாமுங்க, புக்க வேகமாப் படின்னு எப்பிடிங்க அதட்டறது?"

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் படியில் ஏதோ சத்தம் கேட்டது. செக்கிங்காரி! வேர்த்து விறுவிறுத்து மேலே வந்து, சுவரைப் பார்த்த அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"வேலையில்லையா இன்னிக்கு?" என்றேன்.

"மொதலாளி அரை நாள் லீவு குடுத்து உட்டுட்டாருங்க்கா, சம்பளத்தோட. போயி உக்காந்து படிச்சு முடிச்சுட்டு வான்னு."

"இன்னும் எவ்வளவு பாக்கி?"

அவள் பையிலிருந்து அந்தத் தடியான இரண்டாம் பாகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதப் போன வாரமே முடிச்சுட்டனுங்க்கா. மறுக்கா லீவு உடுவாரான்னு பாத்துட்டிருக்கறேன். வேற எதாச்சும் குண்டுப் புக்கு வந்துருந்தா எடுங்க."

மறுநாள் காலையில் கட்டடக்காரர் வந்தார். படியேறி வந்த மூச்சுக்கூட அடங்கவில்லை.

"முடிச்சுட்டாளுங்களா அம்மணி?"

"எங்கீங்கண்ணா? பெரிய புக்குங்க. இன்னும் ஒரு அரை நாள் ஆகுமுங்க" என்றேன்.